பிறகு என்ற பொத்தான்

வெள்ளிக்கிழமை மதியம் தவளை குதிக்கவில்லை.

பூஜா பொத்தானை அமுக்கினாள். திரையில் குளம் வரவில்லை. குளம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று நின்றது. அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். மறுபடி அமுக்கினாள். கட்டம் அசையவில்லை. கையை ஓங்கி அடித்தாள். பொத்தான் பொருத்திய பலகை மேசையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

லீலா டீச்சர் வந்து பலகையை எடுத்து வைத்துவிட்டுத் திரையை வாசித்தார்.

"சாஃப்ட்வேர் பழசாயிடுச்சாம் பூஜா. புதுசு போட்டாத்தான் ஆட்டம் தொறக்குமாம்."

"போடு," என்றாள் பூஜா.

அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் புரட்டி, தாடையை ஒரு பக்கம் இழுத்து, வெளியே தள்ள வேண்டும். அதனால் அவள் சொற்களை வீணாக்குவதில்லை. தயவுசெய்து, நன்றி போன்றவற்றை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

லீலா திரைக்கு மேலே ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைக் காட்டினார். 'கை வைக்காதே. அப்டேட் செய்யாதே.'

"உங்கப்பா ஒட்டினதும்மா."

மண்ணூரில் மூடிப்போன ரைஸ்மில்லின் கிடங்கைச் சுத்தம் செய்து அந்தச் சிறப்புப் பள்ளியை நடத்தி வந்தார்கள். மழைக்காலத்தில் சுவரிலிருந்து இன்னும் தவிட்டு வாசனை வரும். நடக்க முடியாதவர்கள், பேச்சு வராதவர்கள், பார்வை மங்கியவர்கள் என்று சுற்றுப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரகடத்தில் இரும்புத் தகடுகளை அழுத்திப் பாகங்கள் செய்யும் ஒரு பிரஸ் ஷாப் கம்பெனி நான்கு வருடங்களுக்கு முன் பழைய கம்ப்யூட்டர்கள் நான்கைக் கொடுத்திருந்தது. உற்பத்தி லைனில் ஓடி ஓய்ந்தவை. பூஜாவின் குளம் அவற்றில் ஒன்றில் இருந்தது.

ஒரே ஒரு பொத்தானை மட்டும் அமுக்க முடிகிற பிள்ளைகளுக்காக யாரோ செய்து இணையத்தில் போட்டிருந்த ஆட்டம் அது. குளத்தில் தாமரை இலைகள் மிதந்து வரும். இலை நேரே வரும்போது அமுக்கினால் தவளை தாவும். முந்தினாலும் பிந்தினாலும் தண்ணீரில் விழும். வெவ்வேறு ஊர்ப் பள்ளிகளில் இருப்பவர்கள் ஒரே குளத்தில் ஆடலாம். பூஜாவின் தவளை மஞ்சள். நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் படித்த ரகுபதியின் தவளை நீலம். அவனை அவள் பார்த்ததில்லை. கையால் அமுக்குகிறானா, முழங்கையாலா, தலையாலா என்றும் தெரியாது. ஆடி மாதம் நடந்த போட்டியில் அவன் ஓர் இலை முன்னால் போய்க் கரையேறிவிட்டான். திங்கட்கிழமை மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மறுபடி போட்டி. பூஜா ஆடியிலிருந்து அந்தத் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

பொத்தானை அவளுக்குச் செய்து கொடுத்தவன் அவள் அப்பா பரசுராமன். அதே கம்பெனியில் அவன் வேலை செய்யும் பிரஸ்ஸில் ஒவ்வோர் ஆளுக்கு முன்னாலும் காளான் மாதிரி இரண்டு பச்சைப் பொத்தான்கள் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை எதுவும் டை என்ற அச்சுக்குள் மாட்டக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஸ்கிராப்பில் கிடந்த ஒரு காளானைக் கேட்டு வாங்கி வந்து, பலகையில் பதித்து, அதன் ஒயரை ஒரு மவுஸின் வயிற்றுக்குள் சேர்த்துவிட்டான். மவுஸை யாராவது நகர்த்தி வைத்தால் போதும். அமுக்குவது பூஜா.

*

மரகதம் மகளைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். காலையில் பெய்த மழையில் தெரு சேறாகிக் கிடந்தது. கன்டெய்னர் லாரிகள் திரும்பித் திரும்பி ரோட்டோரத்தைக் கூழாக்கியிருந்தன. சக்கரம் புதையும்போதெல்லாம் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, தூக்கி, நகர்த்தினாள்.

"ஒரு ஆட்டந்தானே. வுடேன்."

"நீ சீரியல வுடு," என்றாள் பூஜா.

மரகதம் அடுத்த பள்ளத்திலிருந்து சக்கரத்தைத் தூக்கினாள்.

மாடி அறையில் குடியிருந்த மாரிசெல்வி கொடியில் இருந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் வேலை. நைட் ஷிப்டுக்குக் கிளம்பும்வரை பூஜாவிடம் வம்பு பேசுவது அவள் வழக்கம்.

"ஏட்டி பூசா, மூஞ்சிய என்ன இப்படி வச்சிருக்க? அந்த நாரோயில் பய செயிச்சிட்டானா?"

"ஆட்டமே தொறக்கலியாம்மா. பழசாயிடுச்சாம்," என்றாள் மரகதம்.

"எங்க டெஸ்டிங் கம்ப்யூட்டர்லயும் இப்படித்தாங்க்கா. அப்டேட் பண்ணட்டுமா, பண்ணட்டுமான்னு ஒரு கட்டம் வந்து நிக்கும். 'பிறகு'ன்னு அமுக்கிட்டு நாங்க பாட்டுக்குப் போயிருவோம். லைன் நின்னா டார்கெட் போயிரும்லா?"

"இங்கியும் அதான் சொல்லிக் குடுத்துகிறாங்க. இவளே எத்தினியோ வாட்டி அமுக்கிகிறா."

பூஜா இரண்டு பேரையும் பார்த்தாள். பள்ளியில் அவள் முதன்முதலில் அமுக்கக் கற்றுக்கொண்டது தவளையை அல்ல, அந்தக் கட்டத்தைத்தான். கட்டம் வந்ததும் டீச்சர் மவுஸை 'பிறகு' மேல் கொண்டுபோய் வைப்பார். பூஜா அமுக்குவாள். வகுப்பே கைதட்டும்.

பரசுராமன் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான். சோப்புத்தூள் போட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவினான். எண்ணெய்க் கருப்பு நகக்கண்ணில் அப்படியே இருந்தது. மரகதம் மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். பூஜாவுக்கு முள்ளை எடுத்து, சோற்றைக் குழைத்து, வாயின் வலப்பக்கம் வைத்து ஊட்டினாள். இடப்பக்கம் வைத்தால் வெளியே வந்துவிடும்.

பூஜா ஒரு வாய் விழுங்கிவிட்டு, "நைனா. கிழி," என்றாள்.

"எத்த?"

"ஸ்டிக்கர்."

மரகதம் மீதியைச் சொன்னாள். பரசுராமன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"அதுல கை வெக்கக் கூடாதுமே. உனுக்குத் தெரியாது. எங்க ஷாப்புல ஒரு பையன் அளவு பாக்கற மிஷினோட கம்ப்யூட்டர அப்டேட் பண்ணிட்டான். நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணான். மறுநாளு மிஷினும் அதுவும் பேசிக்கல. லைனே நின்னு போச்சு. அந்தப் பையன கேட்டோட அனுப்பிட்டாங்க. அப்புறந்தான் எல்லாத்துக்கும் செவப்பு ஸ்டிக்கரு. என்னத்தான் ஒட்டச் சொன்னாங்க."

"அது ஷாப்புல. ஸ்கூல்ல யாரு ஒட்டச் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கு அந்தப் பெட்டிகளை ஏற்றி வந்த வண்டியில் அவனும் வந்திருந்தான். தூக்கி இறக்கியபோது ஸ்டிக்கர்கள் ஈரத்தில் பிய்ந்து தொங்கின. லீலா டீச்சரிடம் பசை கேட்டு வாங்கி நான்கையும் அழுத்தி ஒட்டினான். "எப்ப இன்னா கேட்டாலும் 'பிறகு'ன்னு அமுக்கிடுங்க டீச்சர்," என்றும் சொல்லிவிட்டு வந்தான். மகள் படிக்கிற இடத்துக்கு வந்த பொருள் கெடாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தான்.

"ஓடறதுல கை வெச்சா நின்னுடும். நின்னா யாரு பதில் சொல்றது?"

"இப்ப ஓடுதா அது? அத்தச் சொல்லு."

"படம் வரையறது ஓடுதில்ல? பாட்டு ஓடுதில்ல?"

"அவ பாட்டா கேட்டா?"

"கம்பெனி குடுத்ததுமே. தையில வேலைய கன்ஃபர்ம் பண்றேன்னு எச்.ஆர். சாரு வாயால சொல்லிகிறாரு. நான் போயி கைய வெச்சி, அது புஸ்ஸுனு போயி, அவரு காதுக்குப் போனா?"

படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்த மாரிசெல்வி, "அண்ணாச்சி பயப்படுதாவ," என்றாள்.

"ஆமாம்மா. பயந்தான்," என்றான் பரசுராமன். தட்டில் கை கழுவினான்.

பூஜா அடுத்த வாயை வாங்கிக்கொள்ளவில்லை. மரகதம் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அந்தச் சோற்றைத் தட்டில் போட்டாள்.

*

சனிக்கிழமை எச்.ஆர். புருஷோத்தமன் பள்ளிக்கு வந்தார். திங்கட்கிழமை விழா கம்பெனி செலவில் நடக்கவிருந்தது. ஷாமியானா எங்கே, மேடை எங்கே, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எங்கே என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு மணி நேரம் கரண்ட் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாக அந்த வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க ஃபேக்டரியோட பிளான்ட் ஹெட் வர்றாரு மேடம். பூஜாவுக்குப் புது வீல்சேர் அவர் கையால கொடுக்கறோம். மேடைல ஏத்திடுங்க. ஒரு ஃபோட்டோ. அஞ்சு நிமிஷம்தான்."

லீலா தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், அதே நேரத்துல இவளுக்கு ஒரு போட்டி இருக்கு. கம்ப்யூட்டர்ல. அது திறக்க மாட்டேங்குது. உங்க ஐ.டி. ஆளுங்க யாராவது வந்து…"

புருஷோத்தமன் குனிந்து பெட்டியைப் பார்த்தார். அவர் முரட்டு ஆள் இல்லை. குன்றத்தூரிலிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறவர். மழையில் நனைந்த பேன்ட்டை முழங்கால் வரை மடித்து விட்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க கணக்குலயே இல்ல மேடம். எப்பவோ கழிச்சாச்சு. ஐ.டி.ல கேட்டா எங்களோடது இல்லேம்பாங்க."

"அப்ப நாங்களே புதுசு போட்டுக்கலாமா?"

"அது எப்படி? கம்பெனி ஸ்டிக்கர் இருக்கே." சொன்ன பிறகு அவருக்கே அது ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்துகொண்டார். "அடுத்த பட்ஜெட்ல புதுசாவே ரெண்டு கேக்கறேன். பிறகு பாத்துக்கலாம்."

பூஜா சிரித்தாள். அவள் சிரித்தால் நாற்காலி முழுக்க ஆடும்.

"பிறகு," என்றாள். மறுபடியும், "பிறகு."

"என்னம்மா சொல்றா?"

மரகதம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஒண்ணியும் இல்ல சார். அப்டேட் கேட்டா பிறகுன்ற பட்டன அமுக்கணும்னு இவளுக்குச் சொல்லிக் குடுத்துகிறாங்க. சாரும் அதே பட்டனத்தான் அமுக்கறாருன்றா."

புருஷோத்தமன் முகம் சிவந்தது. ஆனாலும் பூஜாவின் பக்கம் குனிந்தார். "வீல்சேர் வேணாமா பூஜா?"

"வேணும்."

"அப்ப மேடைக்கு வரணும்ல?"

"ஆட்டம். மொதல்ல."

அவர் லீலாவைப் பார்த்தார். லீலா கூரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மரகதம் அடுப்பில் எதுவும் வைக்கவில்லை. பரசுராமன் வந்ததும் ஸ்கூலில் நடந்ததைச் சொன்னாள். 'கணக்குலயே இல்ல' என்ற இடத்தில் அவன் நிமிர்ந்தான்.

"கழிச்சுட்டாங்களா? அப்ப அந்த ஸ்டிக்கரு?"

"அதத்தான் நானும் கேக்கறேன். கழிச்ச மாட்டுக்கு மூக்கணாங்கயிறா? யாருக்குப் பயந்துகினு நாலு வருசமா அமுக்கறோம்? ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி யாராச்சும் மத்த பட்டன அமுக்கிப் பாத்தாங்களா?"

"கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுத்தான் போட்டுமே. இப்ப மட்டும் நல்லாவா கீது?" அவள் குரல் ஏறியது. "ரோடு போடணும், நெலத்தக் குடுன்னு வந்தாங்களே, அப்ப பிறகுன்னு அமுக்கினியா? அன்னிக்கே போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்த. அவங்க கேட்டா இப்பவே. நம்ம பொண்ணு கேட்டா பிறகா?"

மாடிப்படியில் மாரிசெல்வியின் கொலுசுச் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. திரும்பி மேலே போனது.

 பரசுராமன் பள்ளியிலிருந்து எடுத்து வந்திருந்த பொத்தான் பலகையைக் கொண்டுவரச் சொன்னான். வெள்ளிக்கிழமை விழுந்ததில் ஒரு ஸ்க்ரூ ஆடியது. முறுக்கினான். ஒயர் வெளிவரும் இடத்தில் கருப்பு டேப்பை இறுக்கிச் சுற்றினான். பூஜாவின் மடியில் வைத்தான்.

"அமுக்கிப் பாரு."

அவள் அமுக்கினாள். டக்கென்று சத்தம் வந்தது.

"திங்கக்கெழம ஷிப்டுக்குப் போவல," என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

*

திங்கட்கிழமை மழை இல்லை. ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தன. நைட் ஷிப்ட் முடித்து வந்த மாரிசெல்வி தூங்கப் போகாமல் பூஜாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மரகதமும் கூடவே வந்தாள்.

பரசுராமன் முதல் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றான். ஈரத்துணியால் ஸ்டிக்கரை நனைத்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கினான். அவனே ஒட்டியது. லேசில் வரவில்லை. வந்தபோது பாதி காகிதம் அங்கேயே தங்கிவிட்டது. 'கை' என்ற எழுத்து மட்டும் தெரிந்தது.

லீலா மவுஸை நகர்த்தினார். அப்டேட் கேட்கும் கட்டத்தில் இரண்டு பொத்தான்கள். எப்போதும் போல அவர் கை 'பிறகு' பக்கம் போனது. நிறுத்தி, 'இப்போது' மேல் கொண்டு வந்து வைத்தார்.

"பாஸ்வேர்டு கேட்டா என்ன பண்றது?" என்றார்.

பூஜா அமுக்கினாள்.

எதுவும் கேட்கவில்லை. பூட்டே இல்லை. பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர ஆரம்பித்தது. ஐந்து பேரும் அதையே பார்த்தார்கள்.

"இவ்ளோதானா? இதுக்கா நாலு வருசம்?" என்றாள் மாரிசெல்வி.

கோடு பாதியைத் தாண்டியது. வெளியே பாட்டு நின்றது. மின்விசிறி தளர்ந்தது. கரண்ட் போய்விட்டது. மேசைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. அதன் பேட்டரி செத்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. திரை கருப்பானது.

 வெளியே ஜெனரேட்டர் உறுமும் சத்தம் கேட்டது. பாட்டு மட்டும் திரும்ப வந்தது.

மரகதம் வெளியே போனாள். மைக் செட்காரர் ஜெனரேட்டர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரு லைன் குடுங்கண்ணா."

"இது கம்பெனி வண்டிம்மா. ஸ்பீக்கருக்கும் மேடைக்கும்தான் லோடு தாங்கும்."

"அப்ப ஒரு ஸ்பீக்கர கழட்டு. மண்ணூரு முழுக்கக் கேட்டாச்சு. இனி சுங்குவார்சத்திரத்துக்குக் கேக்கணுமா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். ரோட்டைப் பார்த்திருந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஒயர்ச் சுருளை ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தார்.

பரசுராமன் இணைத்தான். முதல் கம்ப்யூட்டரில் விளக்கு எரிந்தது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. நின்றன. அணைத்துப் போட்டான். அதே எழுத்துகள். மறுபடியும் அதே.

வாசலில் புருஷோத்தமன் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

"பரசுராமன். நீங்க ஷிப்ட்ல இருக்கணுமே?"

"லீவு சார்."

அவர் மேசையைப் பார்த்தார். பிய்ந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "போச்சா?"

"போச்சு சார்."

"இதுக்குத்தானே அத ஒட்டினோம்?" என்றார். கத்தவில்லை. அலுப்பாகக் கேட்டார்.

பரசுராமன் கையில் ஈரத்துணி இருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் செருப்பில் விழுந்தது. அவன் வாயைத் திறந்தான். மன்னிப்பு கேட்கப் போகிறான் என்று மரகதத்துக்குத் தெரிந்தது.

"அடுத்தது," என்றாள் பூஜா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பக்கத்து மேசையில் இருந்த இரண்டாவது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரசுராமன் துணியைப் பிழிந்தான். இரண்டாவது ஸ்டிக்கரின் மேல் வைத்து அழுத்தினான்.

"பரசுராமன், யோசிச்சுக்கோங்க," என்றார் புருஷோத்தமன்.

"யோசிச்சு ஒட்டினதுதான் சார் இது." அவன் நகம் ஓரத்தைத் தூக்கியது. "இதுவும் போச்சுன்னா மூணாவது கீது."

இந்த முறை ஸ்டிக்கர் முழுதாக வந்தது. பொத்தானின் ஒயரை அதற்கு மாற்றினான். லீலா யாரும் சொல்லாமலே மவுஸை 'இப்போது' மேல் வைத்தார். பூஜா அமுக்கினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதியில் நின்றது. மாரிசெல்வி, "ஏ மாடசாமி, ஏ மாடசாமி," என்று தன் ஊர்ச் சாமியை வாய்க்குள் கூப்பிட்டாள். கோடு நகர்ந்தது. கடைசி வரை போனது. பெட்டி தானே அணைந்து தானே எரிந்தது. லீலா ஆட்டத்தைத் திறந்தார்.

குளம் வந்தது.

இலைகள் மெல்ல மிதந்தன. கரையில் தவளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நீலத்துக்கு மேலே ரகுபதி என்று எழுதியிருந்தது. அவன் முன்னாடியே வந்து காத்திருந்தான். மஞ்சளுக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் பூஜாவின் பெயர் வந்து உட்கார்ந்தது. மரகதத்துக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும்.

"வந்துட்டான் உன் ஆளு," என்றாள் மாரிசெல்வி.

"இன்னிக்கு அவன் காலி," என்றாள் பூஜா.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெளியே மிச்சமிருந்த ஒற்றை ஸ்பீக்கரில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். செல்வி பூஜா மேடைக்கு வரவும். யாரும் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அறிவிப்பவர் இந்த முறை அன்புடன் என்று சேர்த்துக்கொண்டார்.

புருஷோத்தமன் இன்னும் வாசலில்தான் இருந்தார். செல்போன் அவர் சட்டைப்பையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். "பிளான்ட் ஹெட் மேடைல நிக்கிறாரு பரசுராமன். வீல்சேரப் பிடிச்சுக்கிட்டு."

பரசுராமன் மகளைப் பார்த்தான். ஈர ஸ்டிக்கர் அவன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினான், போகவில்லை.

"ஆட்டம் போய்க்கினு கீது சார்," என்றான்.

"அவர்கிட்ட நான் என்ன சொல்ல?"

நீலத் தவளை ஓர் இலை முன்னால் இருந்தது. பூஜாவின் கை பொத்தானுக்கு மேலே நின்றது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாடையை இழுத்து, சொல்லைப் புரட்டி, வெளியே தள்ளினாள்.

"நிக்கட்டும்."

இலை நேரே வந்தது. அமுக்கினாள்.